காற்று வரும் வழி

"இந்தப் பின்சுவரை உடைச்சிடுங்க தம்பி. ரம்புத்தான் மரத்துக் காத்து நேரா உள்ள வரும்லா," என்றார் வீட்டுக்கார அம்மா, தோட்டத்தில் நின்றபடியே.

கட்டடக் கலைஞன் குகநேசனுக்கும் அதே யோசனைதான். கிரீன் லேனில் இருந்த அந்தப் பழைய பங்களாவின் பின்னறை பகலிலும் இருட்டாக இருந்தது. வெளிச்சமும் காற்றும் வந்தால் போதும் என்று சாவியைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர் விநாசித்தம்பி ஈப்போவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

"உள்ள வந்து பாருங்கம்மா, முன்வாசல் திறந்துதான் இருக்கு."

"அந்த வழி எனக்கு ஆகாது தம்பி. வேலை முடியட்டும், வர்றேன்."

சுவரின் நடுவில் ஆள் உயரத்துக்கு மட்டும் செங்கல் வேறாக இருந்தது. முன்பு கதவு இருந்திருக்கும் என்று நினைத்து, அங்கேயே உடைத்து, மரத்தைப் பார்த்தபடி அகலமான கதவு வைத்தான்.

தீவுக்குப் புதிதாகத் திறந்த பாலம் வழியாகத் திரும்பி வந்த விநாசித்தம்பி, அந்தக் கதவைப் பார்த்ததும் முன்வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாரைக் கேட்டுத் திறந்தீங்க?"

"உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க ஐயா."

"அவ பஞ்சமியில செத்தவ தம்பி! திரும்பி வந்திடக் கூடாதுன்னு, முன்வாசல் வழியாத் தூக்காம அந்தச் சுவரை இடிச்சுத்தான் வெளிய கொண்டு போனோம். அன்னைக்கே அடைச்சும் வச்சோம்."

குகநேசன் தோட்டத்தைப் பார்த்தான். மரத்தடியில் யாரும் இல்லை.

பின்னறையிலிருந்து குரல் வந்தது.

"வந்துட்டீங்களா? ஏன் வாசல்லயே உட்கார்ந்துட்டீங்க? உள்ள வாங்க, காத்து நல்லா வருது."