இடது பக்கச் சத்தம்

"கார்ல என்னமோ கடகடங்குதுங்க" என்று கோமளா சொல்லும்போதெல்லாம், "எல்லாம் உன் காதுலதான்" என்று அலுத்துக்கொள்வார் சபாபதி. எட்டு மாதமாக அவளும் காதுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

ஆயில் மாற்றப் போன இடத்தில் மெக்கானிக் காரை ஓட்டிப் பார்த்தார். வாங்கிய நாளிலிருந்து முதல்முறையாகச் சபாபதி இடது பக்கம் உட்கார்ந்தார். காலடியில் கடகடவென்றது.

"அடியில ரப்பர் புஷ் தேஞ்சிருக்கு சார். ஓட்டுறவங்களுக்குக் கேக்காது."

"மாத்திடுங்க" என்றார் சோர்வாக. "பில்லுல ஆயில்னு மட்டும் போடுங்க."

மறுநாள் கோயிலுக்குப் போகையில் கோமளா வெகுநேரம் தலையைச் சாய்த்துக் கேட்டபடி வந்தாள்.

"மருந்து கேக்குதுங்க" என்றாள் கடைசியில். "நான்தான் உங்களை நம்பல."

சபாபதி சாலையைப் பார்த்து ஓட்டினார்.