நெஞ்சு உயரம்

காடாம் காடு! விளக்குமாறுகளைத் தலைகீழாக நட்டுவைத்ததுபோல் இருந்த அந்த மலைச்சரிவைப் பார்க்க ஏகாம்பரத்துக்கே இளக்காரமாக இருந்தது. கயிறு கட்டிய சதுரத்துக்குள் எத்தனை மரம் என்று அவர் எண்ணிச் சொன்னால், அதை வைத்து மலை முழுவதற்கும் கணக்குப் போட்டுவிடுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் மலை கல்குவாரிக்குப் போய்விடும். நெஞ்சு உயரத்தில் சுற்றளவு ஒரு முழம் இருந்தால்தான் அது மரம், இல்லாவிட்டால் வெறும் செடி. யாருடைய நெஞ்சு என்றால், அளக்கிறவர் நெஞ்சுதான். உயரம் அளக்கும் கோலை ஜீப்பிலேயே மறந்துவிட்டு மலையேறும் வன இலாகாவுக்கு வேறு எந்த நெஞ்சு இருக்கிறது?

"இதெல்லாம் ஒரு உயரமா சார்?" என்று ஏகாம்பரத்தைக் குனிந்து பார்த்துச் சிரித்தான் குவாரி ஆள் பரஞ்சோதி. பனைமரம்போல் இருந்தான். "என் நெஞ்சுக்கு நேரா அளங்க. மேல போகப்போக ஒல்லிதானே, ஒண்ணுகூடத் தேறாது."

பெண் பார்க்கப் போன வீடுகளில் ஏகாம்பரம் கேட்காத பேச்சா? முதல் மரத்தைக் கட்டிக்கொண்டு நாடாவைச் சுற்றினார். ஒரு விரற்கடை குறைந்தது. முழங்காலைச் சற்று மடக்கினார். தேறிவிட்டது. அடுத்த மரத்துக்கு இன்னும் கொஞ்சம் மடக்கினார்.

"என்ன சார், காலைல இதைவிட வளத்தியா இருந்தீங்களே?"

"மலை ஏறுனா குறையும்யா."

கடைசியாக, சவலைப் பிள்ளைபோல் ஒரு வெப்பாலை நின்றது.

"அதையாவது விடுங்க சார், அது குச்சி."

ஏகாம்பரம் அதை ஏற இறங்கப் பார்த்தார். "மூதேவி, கொஞ்சம் பெருத்துத் தொலைச்சா என்ன?" என்று திட்டிக்கொண்டே அதன் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டார்.