ஏழரைக்கு வர வேண்டிய ரோபோ

எட்டாம் வகுப்புப் புவியியல் பாடத்தில் புதிய டீச்சர் பர்ஹானா சொன்னார்: "ஒரு ரோபோ ஏழேகாலுக்கு நாவலப்பிட்டி ஸ்டேஷன்ல இறங்குது. ஏழரைக்கு நம்ம ஸ்கூல்ல நிக்கணும். அதுக்கு ஊர் தெரியாது. ஒவ்வொரு படியா வழி எழுதுங்க."

"வெளிய வந்து இடப்பக்கம் திரும்பணும்" என்றான் தினேஸ்.

"எத்தனை அடி நடந்து?" என்று கேட்டார் பர்ஹானா.

தினேஸ் வெட்டித் திருத்தினான். லோஜினி மார்க்கெட்டுக்குப் பின்னாலிருக்கும் படிக்கட்டைச் சேர்த்து எட்டு நிமிடத்தைக் குறைத்தாள். பர்ஹானா அதைத் தன் கொப்பியிலும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை பாடசாலை அதிபர் ராஜலிங்கம் ஆச்சரியமாகப் பார்த்தார். "வந்த மூணு நாளும் லேட்டு. இன்னைக்கும் பிந்தினா வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத இருந்தேன். எப்படி டீச்சர் நேரத்துக்கு வந்தீங்க?"

"புள்ளைகள் வழி எழுதித் தந்தாங்க சேர்."

யாருக்காக எழுதினார்கள் என்பதை மட்டும் பர்ஹானா சொல்லவில்லை.