மாதாவின் நெற்றியில் பன்னிரண்டு தாலா

மின்விசிறிக்கு நேர் கீழே ஃபாதர் பெத்தேலோ, கடல் பார்த்த ஜன்னலோரம் மாதர் சங்கத் தலைவி எலிசபெத்தா, கதவருகே கலைக்கூடத்தில் கண்காட்சி வைத்த இளைஞன் லியோட்டா, கடிதம் எழுத மேசை முனையில் செயலாளர் செலீனா. ஆப்பியா என்ற தீவு நகரத்தின் பங்குக் கோயில் அவசரக் கூட்டம் அவ்வளவுதான்.

“மாதா சுரூபத்தோட நெத்தியில பன்னிரண்டு தாலான்னு விலைச்சீட்டு! நம்ம தாய் என்ன டின் மீனா?” என்று பொரிந்தாள் எலிசபெத்தா.

“ஒட்டினவங்க ஞாயித்துக்கிழமை பூசையில எழுந்து மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா கண்காட்சியை மூடச் சொல்லி எழுதும்மா, செலீனா,” என்றார் ஃபாதர்.

செலீனா பேனாவைத் திறந்தாள். நேற்று கண்காட்சியில் பார்த்தது கண்ணுக்குள் அலையடித்தது. நீல வெளிச்சத்தில், கடலடியில் நிற்பவளைப் போல மாதா மிதந்துகொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அவள் மூச்சு விடுவது போலிருந்தது. செலீனாவுக்கு வீடு திரும்பவே மனம் வரவில்லை.

“வாயில என்னடா, டாரோக் கிழங்கா? பேசேன்!” என்று லியோட்டாவை அதட்டினாள் எலிசபெத்தா.

லியோட்டா தலை நிமிரவில்லை. “ஒட்டினது யாருன்னு கேக்காதீங்க, அத்தை. ரெண்டு வருஷ உழைப்பு. போகட்டும், மூடிக்கிறேன்.”

செலீனா எழுதி முடித்து, உரக்கப் படித்தாள்: “கலைக்கூடத்தாருக்கு. கண்காட்சியை மூட வேண்டாம். எங்கள் கோயில் கடையில் பதினோரு வருடமாகச் சுரூபங்களுக்கு விலை ஒட்டுகிறவள் நான். லியோட்டா அங்கே வாங்கியதை, சீட்டோடு, வாங்கியபடியே நிறுத்தியிருக்கிறான். பூசையில் நான் எழுந்து நிற்பேன்.”

ஃபாதர் கடிதத்தை வாங்கி மறுபடி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“கடையைத் திறந்தவன் நான்,” என்றார் ஃபாதர். “என் பேரையும் சேத்துக்கோ.”

சேர்த்தாள். எலிசபெத்தா கடித உறையை வாங்கி ஒட்டி, தபாலில் சேர்க்கத் தானே கிளம்பினாள்.