மலிவான மாத்திரை

“மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான் குடுக்குறீங்களா?”

டொக்டர் ஜெனீரா கேட்டதும் நேசராணிக்குச் சுருக்கென்றது.

“காலைல கொழுந்து பறிக்கப் பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி என் கையாலயே இவரு வாயில போட்டுட்டுத்தான் போறேன் டொக்டர். கர்த்தர் சாட்சி.”

“அப்புறம் ஏன் பிரஷர் எறங்கல்ல? ஒரு தடவ பாரிசவாதம் வந்தவருக்கு நூத்தி முப்பதுக்குக் கீழ நிக்கணும். இவருக்கு நூத்தி அறுபதுல நிக்குது. போன மாசம் புதுசா ஒரு தண்ணி மாத்திரை எழுதினேனே?”

“அதையுந்தான் குடுக்குறேன்.”

ஆஸ்பத்திரி வாங்கில் சாய்ந்திருந்த அவள் புருஷன் மத்தேயு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையும் காலும் விழுந்ததிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை.

“இன்னொரு தடவ வந்தா ஆள் மிஞ்ச மாட்டாரு. மிஞ்சினாலும் ஒரேயடியா படுக்கைதான். அப்ப ஆகப்போற செலவுக்கு இந்த மாத்திரை எவ்வளவோ மலிவு. இங்க சும்மாவே குடுக்குறோம். அதக் குடிக்கிறதுக்கு என்ன கஷ்டம்?” டொக்டருக்கும் அலுத்துவிட்டது. “வீட்டுல யாரு சமைக்கிறது?”

“மருமக.”

“உப்பக் கொறைக்கச் சொல்லுங்க.”

அவ்வளவுதான். நேசராணிக்கு ஆள் கிடைத்துவிட்டது.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளித் தோட்டம் வரைக்கும் பஸ்ஸில் பொருமிக்கொண்டே வந்தாள். ஒரு நாள் கூலி போன கவலைகூட அவளுக்கு மறந்துபோனது. லயத்து வீட்டு வாசலில் கால் வைத்ததும் ஆரம்பித்தாள்.

“ஏன்டி டிலக்ஷி, உப்ப அள்ளிக் கொட்டி எம் புருசனக் கொன்னுட்டு நிம்மதியா இருக்கலாம்னு பாக்குறியா?”

பக்கத்து வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

டிலக்ஷி மாமனாரைப் பார்த்தாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“கொஞ்சம் கூடிப்போச்சு மாமி. இனிமே பாத்துப் போடுறேன்.”

“கேட்டீங்களா? அவளே ஒத்துக்கிட்டா” என்று நேசராணி எட்டிப் பார்த்தவர்களைச் சாட்சிக்கு இழுத்தாள். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் றொபின்சனுக்கும் போன் போனது.

“ஒம் பொண்டாட்டி ஒங்கப்பன அனுப்பி வச்சிட்டுத்தான் ஓய்வா.”

அவன் தன் பங்குக்குப் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் கத்தினான். எல்லாவற்றுக்கும் அவள் ‘ம்’ கொட்டினாள். இனிமேல் அடுப்படிப் பக்கமே வரக்கூடாது என்று மாமியார் சட்டம் போட்டதற்கும் அதே ‘ம்’தான். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவுமில்லை.

மறுநாள் காலையில் நேசராணியே சமைத்து வைத்தாள். மாத்திரைகளைப் புருஷன் வாயில் போட்டாள், தண்ணீர் குடிக்க வைத்தாள், கூடையைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்கு ஓடினாள்.

அவள் தலை மறைந்ததும் மத்தேயுவின் வாய் அசைந்தது. மரத்துப்போன கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்த தண்ணி மாத்திரையை நாக்கால் நெம்பி முன்னுக்குக் கொண்டுவந்தார்.

“துப்பாதீங்க மாமா.”

கதவு நிலைக்கு அந்தப் பக்கம் டிலக்ஷி நின்றிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் மாமனாருக்கு எதிரே வந்து நின்று பேசியதில்லை. அவர் விழுந்த பிறகும் சோற்றை வைத்துவிட்டு நிலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள்.

“தலகாணிய ஒதறுறப்பல்லாம் மாத்திரை விழுகுது. நான்தான் கூட்டித் தள்ளுறேன்.”

“அப்ப நேத்து ஏம்மா சொல்லல?” மத்தேயுவின் நாக்கு குழறியது. “எதுக்கும்மா பழியத் தூக்கி ஒந் தலையில போட்டுக்கிட்ட?”

“சொன்னா, ஏன் துப்புறாருன்னு மாமி கேப்பாங்க. அப்புறம் லயமே கேக்கும்.”

மத்தேயு அழுதார். இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்; வலது கை மடியில் அப்படியே கிடந்தது.

“அதப் போட்டா ஓயாம ஒன்னுக்கு வருதும்மா. அவ மலையில நிக்கிறா, பய கொழும்புல. இந்தக் கைய வச்சிக்கிட்டு சாரத்த அவுக்கக்கூட முடியல. அதுக்குப் போய் ஒன்ன எப்புடிம்மா கூப்புடுறது? செத்தாலும் சாவேன்.”

டிலக்ஷி நிலையைத் தாண்டி உள்ளே வந்தாள். தண்ணீர்க் கோப்பையை எடுத்து அவர் வாயருகே பிடித்தாள்.

“முழுங்கிடுங்க மாமா. கக்கூசுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். சாரத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறப்ப கண்ண மூடிக்கிறேன்.”