இன்னொரு சிட்டிகை

அவருக்குக் கோதுமை ஆகாது. சப்பாத்தி, ரவை, மைதா எல்லாவற்றையும் வீட்டைவிட்டே ஒழித்தேன். ஆனாலும் என் ரசம் சாப்பிட்டால் அவருக்கு வயிறு உப்பும். அவருடைய அண்ணி தமயந்தியின் ரசம் மட்டும் ஒன்றும் செய்யாது. "அண்ணி கைப்பக்குவம் அப்படி" என்பார், என் முகத்துக்கு நேரே. பொறுக்கமாட்டாமல் ஒருநாள் அவள் அடுப்படிக்கே போய்க் கேட்டேன். "பூண்டு தட்டிப் போடுவேன், அவ்வளவுதாம்மா. பெருங்காயம் வாங்குற பழக்கமே இல்ல" என்றாள். வீட்டுக்கு வந்து என் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் போட்டிருந்தது: கோதுமை மாவு. அவளை அவர் மெச்சிய நாளெல்லாம், என் ரசம் தூக்கலாக மணக்கட்டும் என்று இன்னொரு சிட்டிகை போட்டவள் நான். "அண்ணி வீட்டுல சாப்பிட்டுக்கிறேன்" என்று அவர் செருப்பை மாட்டினார். டப்பாவை அவர் கையில் வைத்தேன். "அக்காகிட்ட பெருங்காயமே இல்லையாம். குடுத்துடுங்க."