பயனாளி நேரில் வர வேண்டும்

"அண்ணி! அண்ணன் உயிரோட இருக்காரு!"

நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களைக்குள் ஓடிவந்து, கையிலிருந்த போனை அண்ணியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"விவசாய மானியம் யார் யாருக்குப் போகுதுன்னு எல்லாரும் பாக்கற மாதிரி போட்டுட்டாங்க. இங்க பாருங்க, அண்ணன் பேரு, அப்பா பேரு, நம்ம நிலம். போன வாரம்தான் வாங்கியிருக்காரு!"

அரிந்துகொண்டிருந்த வெங்காயம் அவள் கையிலிருந்து நழுவியது. கணவன் காணாமல் போய் இரண்டு வருடமாகிறது. போலீசும் தேடி ஓய்ந்துவிட்டது, சொந்தபந்தமும் தேடி ஓய்ந்துவிட்டது.

"வேற யாராவது அவர் பேர்ல வாங்கியிருப்பாங்க." அவள் குனிந்து வெங்காயத்தைப் பொறுக்கினாள்.

"அதையும்தான் கேட்டுடுவோமே. கிளம்புங்க."

வேளாண் அலுவலகத்தில் அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"போலியா? அந்தக் காலமெல்லாம் மலையேறிடுச்சும்மா. பேரை ஊரறியப் போடறதே அதுக்குத்தான். இனிமே யாரும் எதையும் மூடி மறைக்க முடியாது. ஆளு நேர்ல வந்து கைரேகை வெச்சாத்தான் பணம்."

"நீங்க... அவரைப் பாத்தீங்களா?"

"பாக்காம? மெஷின் முதல்ல ரேகையை எடுக்கவே இல்ல. விரல் அவ்வளவு ஜில்லுனு இருந்துச்சு. நகத்துல, தலைமுடியில எல்லாம் மண்ணு. துடைச்சுவிட்டப்புறம்தான் எடுத்துச்சு. வயல்லேருந்து நேரா வர்றீங்களான்னு கேட்டேன். பதில் இல்ல."

"இப்ப எங்க தங்கியிருக்காராம் சார்?" நாத்தனார் மேசைமேல் சாய்ந்து கேட்டாள்.

"விலாசம் மாறியிருக்கான்னு நானும் கேட்டேனே. அதுக்கு மட்டும்தான் வாயைத் திறந்தாரு. 'அதே வீடுதான். நான் எங்கேயும் போகலையே'ன்னாரு."

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, வீட்டை மறக்கல! எந்த ஊர்ல என்ன பாடுபட்டாரோ, புத்தி கொஞ்சம் பிசகியிருக்கும். வந்துடுவாரு அண்ணி. ஏன் இப்படி நடுங்கறீங்க? சந்தோஷத்துலயா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. நான் சித்தப்பா வீட்டுல சொல்லிட்டு, எல்லாரையும் கூட்டிட்டு வந்துடறேன்."

தனியே வந்தவள் வீட்டுக்குள் நுழையவில்லை. சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். மாட்டை விற்றதிலிருந்து பூட்டியே கிடக்கும் கொட்டகை. பூட்டு அப்படியேதான் தொங்கியது. துருவேறிய பூட்டில் சாவியைப் போட்டுத் திருகினாள். ஒருவழியாகத் திறந்து, கதவைத் தள்ளினாள்.

கழுத்தை நெரித்த அவன் பிடியிலிருந்து தப்ப அன்று மண்வெட்டியை வீசியவள் அவள்தான். அவனை இந்தத் தரைக்குள் கிடத்தி, மண்ணைத் தள்ளி மிதித்து இறுக்கியவளும் அவள்தான்.

அந்த மண் இப்போது உள்ளேயிருந்து மேலே தள்ளப்பட்டுக் கிடந்தது.